நொதியைப் பிரித்தெடுத்த புக்னர்

நுழையும்முன்

நாம் பயன்படுத்தி எறியும் நெகிழிப் புட்டியை உணவாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர் ஒன்று உலகில் உள்ளது. அந்நுண்ணுயிரைத் தவிர்த்துவிட்டு, நொதியை மட்டும் கொண்டு நெகிழியைச் சிதைக்கவும் இன்று முடிகிறது. உயிரணு செய்யும் வேலையை, அவ்வுயிரணு நசுங்கி அழிந்த பின்னும் அதன் சாறு செய்யும் என்று 1897ஆம் ஆண்டில் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் எடுவார்ட் புக்னர். அவருடைய வாழ்க்கையையும் அவர் கண்டறிந்த உண்மை இன்று சென்று சேர்ந்திருக்கும் இடத்தையும் இப்பாடத்தில் அறிவோம்.

சகாய் நகரத்துச் சேறு

ஜப்பான் நாட்டின் சகாய் நகரத்தில் நெகிழிப் புட்டிகளை மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்று உள்ளது. அவ்வாலையைச் சுற்றியிருந்த மண், கழிவுநீர், படிவுச்சேறு ஆகியவற்றிலிருந்து ஆய்வாளர்கள் 250 மாதிரிகளைத் திரட்டினர். ஒவ்வொரு மாதிரியையும் மெல்லிய நெகிழித் தாளோடு சேர்த்துக் குடுவையில் இட்டு வைத்தனர். அவற்றுள் ஒன்றில் நெகிழித் தாளின்மேல் நுண்ணுயிர்கள் படையாகப் படிந்து, தாளை அரிக்கத் தொடங்கியிருந்தன. அக்கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியாவுக்கு, ஊர்ப்பெயரைச் சேர்த்து இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று பெயரிட்டனர். ஷோசுகே யோஷிடா, கோஹேய் ஓடா முதலியோர் 2016ஆம் ஆண்டில் இச்செய்தியை உலகுக்கு அறிவித்தனர். 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஆறு வாரங்களில் அப்பாக்டீரியா மெல்லிய நெகிழித் தாளை ஏறத்தாழ முழுமையாகச் சிதைத்துவிட்டது.

குடிநீர்ப் புட்டிகள் செய்யப்படும் நெகிழிக்குப் பாலி எத்திலீன் டெரிப்தாலேட் என்று பெயர். சுருக்கமாகப் பெட் என்பர். டெரிப்தாலிக் அமிலம், எத்திலீன் கிளைகோல் என்னும் இரண்டு சிறு மூலக்கூறுகள் மாறிமாறிக் கைகோத்து நிற்கும் நெடுஞ்சங்கிலி அது. கைகோத்த இடங்களில் இருப்பது எஸ்டர் பிணைப்பு. பாக்டீரியாவை நோக்க இச்சங்கிலி மிகப் பெரியது. அப்படியே விழுங்க இயலாது. ஆகவே பாக்டீரியா தன் உடலுக்கு வெளியே ஒரு நொதியைச் சுரக்கிறது. பெட்டேஸ் எனப்படும் அந்நொதி எஸ்டர் பிணைப்பை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகளை மெட்டேஸ் என்னும் இரண்டாவது நொதி மேலும் பிளந்து இரண்டு மூல அலகுகளாக்குகிறது. அவற்றையே பாக்டீரியா உணவாகக் கொள்கிறது.

இங்கு ஒரு வினா எழுகிறது. வெட்டும் வேலையைச் செய்வது நொதி என்றால், பாக்டீரியா எதற்கு? நொதியை மட்டும் எடுத்து நெகிழியின்மேல் இட்டால் போதாதா? போதும் என்று இன்று பள்ளி மாணவரும் விடை சொல்வர். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, இத்தகைய விடையைச் சொன்னவரை ஐரோப்பாவின் அறிவியலாளர் பலர் நம்ப மறுத்தனர்.

தீராத வழக்கு

பதநீர் கள்ளாவதும் திராட்சைச் சாறு மதுவாவதும் பிசைந்த மாவு பொங்கி எழுவதும் மனிதர் பன்னெடுங்காலமாகக் கண்டுவரும் நிகழ்ச்சிகள். அவை ஏன் நிகழ்கின்றன என்பதில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வழக்கு நடந்தது. ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்ணுயிர் என்று 1830களில் சிலர் கூறியபோது, ஜெர்மனியின் பெரும் வேதியியலாளரான லீபிக் அதனை எள்ளி நகையாடினார். அவரைப் பொறுத்தவரை நொதித்தல் ஒரு வேதிச் சிதைவு. அதில் உயிருக்கு இடமில்லை. பிரான்சின் லூயி பாஸ்டர் 1850களின் இறுதியில் மிக நுட்பமான சோதனைகளால் இதனை மறுத்தார். ஈஸ்ட் வாழ்ந்து பெருகும் இடத்தில்தான் சர்க்கரை சாராயமாகிறது என்று அவர் நிறுவினார்.

வயிற்றில் சுரக்கும் பெப்சின், முளைகட்டிய தானியத்தில் உள்ள டயஸ்டேஸ் போன்ற பொருள்கள் உயிரணுவுக்கு வெளியிலும் செயல்படுவதை அப்போதே அறிந்திருந்தனர். எனினும் அவை எளிய வேலைக்காரர்கள் என்றும், சர்க்கரையைச் சாராயமாக்கும் அரிய வேலை உயிருள்ள அணுவால் மட்டுமே ஆவது என்றும் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தனர். ஈஸ்ட்டுக்குள்ளும் அத்தகைய பொருள் ஒன்று இருக்கக்கூடும் என்று கருதியோர் சிலர் இல்லாமல் இல்லை. ஆனால், எவராலும் அதனை வெளியே எடுத்துக் காட்ட இயலவில்லை. ஈஸ்ட்டை அரைத்தனர், உறைய வைத்தனர், கரைப்பான்களில் ஊறவைத்தனர். கிடைத்த சாறு ஒன்றும் செய்யாமல் கிடந்தது. பாஸ்டரின் புகழும் சேர்ந்துகொள்ள, கிழித்த கோடு மதில்சுவராக உயர்ந்தது.

தந்தையை இழந்த சிறுவன்

எடுவார்ட் புக்னர் 1860ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மியூனிக் நகரில் பிறந்தார். தந்தை எர்ன்ஸ்ட் புக்னர் மருத்துவப் பேராசிரியர். மருத்துவ இதழொன்றின் ஆசிரியராகவும் இருந்தவர். புக்னருக்குப் பன்னிரண்டு வயதளவில் தந்தை மறைந்தார். தந்தையின் இடத்தில் நின்று அவரை வளர்த்தவர் பத்து ஆண்டுகள் மூத்தவரான அண்ணன் ஹான்ஸ். பின்னாளில் பாக்டீரியாவியலில் பெரும்பெயர் பெற்ற ஹான்ஸ் புக்னர், தம்பியின் வாழ்வில் ஒவ்வொரு திருப்பத்திலும் துணையாக வருவதைக் காணலாம்.

பள்ளிப்படிப்பை முடித்துச் சிறிது காலம் பீரங்கிப் படையில் பணியாற்றிய புக்னர், மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் எர்லன்மேயரிடம் வேதியியல் கற்கத் தொடங்கினார். நம் ஆய்வகங்களில் உள்ள கூம்புக் குடுவைக்குத் தம் பெயரைத் தந்தவர் அந்த எர்லன்மேயரே. ஆனால் கையில் பணம் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு, உணவைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் புக்னர் நான்கு ஆண்டுகள் வேலை செய்தார். உணவு நுண்ணுயிர்களால் கெட்டுவிடாமல் காப்பதே அத்தொழிலின் உயிர்நாடி. படிப்பை இழந்து கழிந்த அந்த நான்கு ஆண்டுகள் வீணாயின என்றே அன்று எவரும் எண்ணியிருப்பர்.

1884இல் அண்ணனின் துணையோடு மீண்டும் படிப்பைத் தொடர்ந்தார். கரிம வேதியியலில் புகழ்பெற்ற அடால்ஃப் ஃபான் பையரிடம் வேதியியலும், நேகெலியிடம் தாவரவியலும் பயின்றார். ஆக்சிஜன் நொதித்தலை எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றிய அவருடைய முதல் கட்டுரை அண்ணனின் வழிகாட்டுதலில் 1885இல் வெளிவந்தது. மூன்றாண்டு உதவித்தொகை ஒன்றும் கிடைத்தது. 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். 1891இல் பல்கலைக்கழக விரிவுரையாளரானார்.

பயனில்லை என்ற தீர்ப்பு

மாணவரின் நாட்டம் நொதித்தலில் இருப்பதை அறிந்த பையர், தனியே நிதி தந்து சிறிய நொதித்தல் ஆய்வகம் ஒன்றை அமைக்க வழிசெய்தார். அங்கு 1893இல் புக்னர் ஈஸ்ட் அணுக்களை உடைத்து உள்ளடக்கத்தை வெளிக்கொணரும் சோதனைகளைத் தொடங்கினார். தொடங்கிய வேகத்தில் அவை நின்றும் போயின. ஈஸ்ட்டை அரைக்கும் முயற்சி நாற்பது ஆண்டுகளாகப் பலரும் செய்து பார்த்ததே, இதனால் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று ஆய்வகத்தின் நிருவாகக் குழுவினர் கருதினர்.

அக்குழுவினரை அறியாதவர் என்று நாம் பழித்துவிடக் கூடாது. நாற்பது ஆண்டுத் தோல்வி அவர்கள் கண்முன் இருந்தது. ஈஸ்ட் அணுவின் சுவர் மிகத் தடித்தது. சாதாரண அரைத்தலுக்கு அது உடையாது. உடைக்க நெடுநேரம் ஆகுமானால் அதற்குள் சாறு கெட்டுவிடும். முந்தையோர் தோற்றதன் காரணம் கருத்துப் பிழையன்று, கருவிக் குறை. அது யாருக்கும் தெரியாதிருந்தது, புக்னருக்கும்தான்.

அவ்வாண்டே அவர் மியூனிக்கை விட்டுக் கீல் நகரத்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1896இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். அந்த மூன்று ஆண்டுகளில் ஈஸ்ட் ஆய்வு ஒதுங்கியே கிடந்தது.

1896ஆம் ஆண்டின் இலையுதிர்காலம்

ஆய்வுக்கு மீண்டும் கதவு திறந்தது அண்ணனால். மியூனிக் நகரத்துச் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் அப்போது பொறுப்பு வகித்து வந்தார். பாக்டீரியாக்களின் உள்ளே இருக்கும் புரதங்களை அப்படியே சிதையாமல் வெளியே எடுத்தால், நோய்களுக்கு எதிரான மருந்தாக அவை பயன்படலாம் என்பது ஹான்ஸின் எண்ணம். அதற்கு முதலில் உயிரணுவை உடைக்கும் வழி வேண்டும். அவ்வழியைத் தேடுவதற்கு ஈஸ்ட் ஏற்ற பொருளாக இருந்தது. நொதித்தல் பற்றிய பழைய வழக்கைத் தீர்ப்பது அவர்கள் நோக்கத்திலேயே இல்லை. விடுமுறையில் தம்பி வந்து சேர்ந்தார்.

ஹான்ஸின் உதவியாளரான மார்ட்டின் ஹான் ஒரு வழி சொன்னார். குவார்ட்ஸ் மணலோடு டயாட்டம் மண்ணையும் கலந்து அரைக்கலாம் என்பதே அது. டயாட்டம் மண் என்பது கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மென்பொடி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்பு அதற்குண்டு.

மதுவடிப்போர் பயன்படுத்தும் ஈஸ்ட் 1000 கிராம், குவார்ட்ஸ் மணல் 1000 கிராம், டயாட்டம் மண் 250 கிராம் ஆகியவற்றைக் கலந்து கல்வத்தில் இட்டு அரைத்தனர். முதலில் உலர்ந்த பொடியாக இருந்த கலவை, அரைக்க அரைக்க ஈரமாகிப் பிசைந்த மாவு போலத் திரண்டது. ஈரம் வெளிப்பட்டது என்றால் அணுக்கள் உடைந்தன என்று பொருள். அதில் 100 கிராம் நீர் சேர்த்துத் துணியில் பொதிந்து அழுத்தப் பொறியில் வைத்தனர். அழுத்தத்தைப் படிப்படியாக வளிமண்டல அழுத்தத்தைப் போல 400 முதல் 500 மடங்கு வரை உயர்த்தினர். 350 கன சென்டிமீட்டர் சாறு வடிந்தது. சக்கையை மீண்டும் அரைத்து, மீண்டும் நீர் சேர்த்துப் பிழிந்ததில் மேலும் 150 கன சென்டிமீட்டர் கிடைத்தது. மஞ்சள் நிறமான, ஈஸ்ட்டின் மணம் கமழும் சாறு அது.

சாறு கிடைத்துவிட்டது, அதனைக் கெடாமல் காப்பதுதான் அடுத்த இடர். விலங்குகளின் உடலில் செலுத்திப் பார்க்க வேண்டிய சாறு ஆதலால் நச்சுத்தன்மையுள்ள காப்புப் பொருள்களைச் சேர்க்க இயலாது. பழப்பாகு செய்வோர் மிகுதியாகச் சர்க்கரை சேர்த்துப் பழத்தைக் கெடாமல் காப்பதுபோல, இச்சாற்றிலும் அடர்ந்த சர்க்கரைக் கரைசலைக் கலந்தனர். டப்பா உணவுத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளைக் கழித்த புக்னருக்கு இம்முறை புதிதன்று.

கால்மணி நேரம் முதல் ஒருமணி நேரத்திற்குள் கரைசலில் குமிழிகள் எழுந்தன. எழுந்த வளி கார்பன் டை ஆக்சைடு. வளி வெளிப்படுவது பல நாள் நீடித்தது. சாறு கெட்டுப்போகிறது என்று கருதி அதனைக் கொட்டிவிட்டு வேறு காப்புப் பொருளைத் தேடியிருக்கலாம். மருந்து தேடிய ஆய்வில் இக்குமிழிகள் ஓர் இடையூறு மட்டுமே. புக்னருக்கோ 1885ஆம் ஆண்டு முதல் மனத்தில் இருந்த வினா நொதித்தல். உயிரணு இல்லாத சாற்றில் நொதித்தல் நடக்கிறது என்பதை அவர் உடனே உணர்ந்தார்.

உணர்ந்தால் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். உடையாமல் தப்பிய ஈஸ்ட் அணுக்களே குமிழிகளுக்குக் காரணம் என்று எவரும் கேட்பர். ஆகவே சாற்றை நுண்வடிகட்டியில் வடித்தார். அணுக்கள் தங்கின, வடிந்த சாறு நொதிக்கச் செய்தது. அணுக்களின் செயலை முடக்கும் குளோரோபாமைச் சேர்த்தார், நொதித்தல் நிற்கவில்லை. கரும்புச் சர்க்கரை, திராட்சைச் சர்க்கரை, பழச் சர்க்கரை, மால்ட்டோஸ் ஆகியவற்றைச் சாறு நொதிக்கச் செய்தது; பால் சர்க்கரையைத் தொடவில்லை. உயிருள்ள மதுவடி ஈஸ்ட்டும் பால் சர்க்கரையைத் தொடுவதில்லை. சாற்றைச் சூடாக்கியபோது புரதங்கள் திரைந்தன. அதன் ஆற்றலும் அற்றுப்போயிற்று. புரதம் போன்றதொரு பொருளே இவ்வேலையைச் செய்கிறது என்று முடிவு கட்டிய புக்னர், அதற்குச் சைமேஸ் என்று பெயர் வைத்தார். 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஈஸ்ட் அணுக்கள் இல்லாத சாராய நொதித்தல் என்னும் பொருளில் அவர் அனுப்பிய சிறு கட்டுரை ஜெர்மன் வேதியியல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. பாஸ்டர் அதற்கு ஓராண்டுக்குச் சற்று முன்பு, 1895 செப்டம்பரில் மறைந்திருந்தார்.

எதிர்ப்பும் விடையும்

எதிர்ப்பு உடனே எழுந்தது. சாற்றில் மிதப்பவை உயிருள்ள அணுக்கூழின் துணுக்குகள், அவையே வேலை செய்கின்றன என்றனர் சிலர். வேறு சிலர் சோதனையைத் தாமே செய்து பார்த்துத் தோற்றனர். ஈஸ்ட்டில் பல வகைகள் உண்டு. எல்லா வகையும் வீரியமுள்ள சாற்றைத் தருவதில்லை. பழைய ஈஸ்ட்டிலும் பயன் குறைவு. தோற்றவர்கள் பொய்யர் அல்லர். அவர்கள் கையாண்ட ஈஸ்ட் வேறாக இருந்தது.

புக்னர் சினந்து எழுதுவதைவிடச் சோதனை செய்வதையே விடையாகக் கொண்டார். ஈஸ்ட்டை அசிட்டோனில் இட்டுக் கொன்று உலர்த்திப் பொடியாக்கினார். வளரவோ பெருகவோ இயலாத அந்தப் பொடியும் சர்க்கரையைச் சாராயமாக்கியது. சாற்றில் சாராயத்தைச் சேர்த்து வீழ்படிவாக்கி, மீண்டும் நீரில் கரைத்தபோதும் ஆற்றல் எஞ்சியிருந்தது. உயிர்த்துணுக்கு என்றால் இத்தனையும் தாங்கி நிற்குமா என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பில் விடையில்லை. 1903ஆம் ஆண்டில், அண்ணனையும் ஹானையும் உடனாசிரியர்களாகக் கொண்டு சைமேஸ் பற்றிய முழுநூலை வெளியிட்டார். அதனைக் காண ஹான்ஸ் இல்லை. முந்தைய ஆண்டே அவர் காலமாகியிருந்தார்.

அதே 1903ஆம் ஆண்டில் மைசன்ஹைமர் என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் செய்த மற்றொரு பணி நம் பாடத்திற்கு இன்னும் நெருக்கமானது. பாலைப் புளிக்கச் செய்யும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களையும், சாராயத்தைக் காடியாக்கும் பாக்டீரியாக்களையும் அவ்வாறே அசிட்டோனால் கொன்று சோதித்தார். இறந்த பாக்டீரியாக்களும் தத்தம் வேலையைச் செய்தன. ஈஸ்ட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று இது. நுண்ணுயிர்களின் வேலைகளை நொதிகளின் வேலைகளாகப் பிரித்துக் காணலாம் என்னும் வழி இதனால் அகலமாயிற்று.

புகழ் வளர்ந்தபோது ஒரு முறையீடும் எழுந்தது. உயிரணு இல்லாத நொதித்தலைத் தாம் 1870களின் தொடக்கத்திலேயே கூறிவிட்டதாக உருசிய நாட்டுப் பெண் ஆய்வாளர் மரியா மனசேயினா எழுதினார். அவர் ஈஸ்ட்டைக் கடுமையாகச் சூடாக்கிக் கொன்று சோதித்தவர். அச்சோதனைகள் போதிய சான்றாகா என்று புக்னர் மறுத்தார். சூட்டினால் சைமேஸ் அழியும் என்பதை நோக்க, அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் எவரும் துணியாத காலத்தில் அவ்வினாவை எழுப்பிச் சோதனையில் இறங்கிய பெண்மணிக்கு இன்னும் சிறிது மதிப்பைப் புக்னர் அளித்திருக்கலாம்.

பரிசும் போரும்

1898இல் பெர்லின் வேளாண் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1900இல் கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகளான லோட்டே ஸ்டாலை மணந்தார். ஆய்வகத்தை விட்டால் அவருக்குப் பிடித்த இடம் மலை. ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் பெரிதும் ஈடுபாடு கொண்டவர்.

1907ஆம் ஆண்டிற்கான வேதியியல் நோபல் பரிசு புக்னருக்கு வழங்கப்பட்டது. ஆனால் விழா நடைபெறவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 8ஆம் நாள், சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் மறைந்தார். ஆரவாரமின்றிப் பரிசைப் பெற்ற புக்னர், தம் கண்டுபிடிப்பைப் பற்றிய உரையை மட்டும் நிகழ்த்தினார். அதே 1907ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் லியோ பேக்லண்டு, முற்றிலும் செயற்கையான முதல் நெகிழியாகிய பேக்லைட்டுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இருவர் பணியும் ஒருநாள் ஒரே குடுவையில் சந்திக்கும் என்று இருவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

புக்னர் 1909இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்திற்கும் 1911இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு வயது 54. படையில் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதபோதும் தாமே முன்வந்து சேர்ந்து, போர்முனைக்கு வெடிபொருள் கொண்டுசெல்லும் அணியில் பணியாற்றினார். 1916இல் மாணவர்க்குக் கற்பிப்பதற்காக வூர்ஸ்பர்க்குக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். கற்பித்தல் பணியிலேயே அவர் இருந்திருக்கலாம். 1917இல் மீண்டும் தாமே விரும்பிப் போர்முனைக்குச் சென்றார். ருமேனியாவின் ஃபோக்சானி நகரத்தருகே வெடிகுண்டுச் சிதறல் பாய்ந்து படுகாயமுற்ற அவர், ஆகஸ்ட் 13ஆம் நாள் தம் 57ஆம் வயதில் உயிர்நீத்தார். அந்நகரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நாட்டுப்பற்று என்று அன்று போற்றப்பட்ட அம்முடிவு, மனைவியையும் பிள்ளைகளையும் தவிக்கவிட்டது. ஆய்வையும் பாதியில் நிறுத்தியது.

ஒரு நொதி பலவானது

சைமேஸ் என்பது ஒரே பொருள் என்று புக்னர் கருதியிருந்தார். அது சரியன்று. இங்கிலாந்தின் ஆர்தர் ஹார்டன் 1906இல் ஈஸ்ட் சாற்றை அழுத்தி வடித்து இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். தனித்தனியே இரண்டும் செயலற்றுக் கிடந்தன, கலந்தபோது செயல்பட்டன. அதனைத் தொடர்ந்த ஆய்வுகளால், சர்க்கரையைப் படிப்படியாகச் சாராயமாக்கும் பத்துக்கும் மேற்பட்ட நொதிகளின் கூட்டமே சைமேஸ் என்பது தெளிவாயிற்று. நொதி எத்தகைய பொருள் என்பதும் நெடுநாள் வழக்காகவே இருந்தது. 1926இல் அமெரிக்கர் ஜேம்ஸ் சம்னர், வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்து, அது புரதமே என்று காட்டினார்.

நெகிழியின் கதை மறுபுறம் வளர்ந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவர் பெட் நெகிழியை உருவாக்கினர். முதலில் இழையாகவும், 1970களில் புட்டியாகவும் அது உலகெங்கும் பரவியது. இலைகளின் மேற்பூச்சாகிய கியூட்டினிலும் எஸ்டர் பிணைப்பு உண்டு. உதிர்ந்த இலையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதனை வெட்டும் நொதிகளை நெடுங்காலமாகவே வைத்திருக்கின்றன. பெட் நெகிழியின் பிணைப்பும் அதே இனம். ஆகவே இலையை வெட்டும் நொதி நெகிழியையும் ஓரளவு வெட்டும்.

ஜப்பானின் ஒசாகா பகுதியில், இலையும் கிளையும் மட்கிய உரத்திலிருந்து அத்தகைய நொதிக்கான மரபணு ஒன்றை 2012இல் எடுத்தறிந்தனர். அந்நொதிக்கு உரிய நுண்ணுயிரைத் தனியே வளர்த்துப் பார்க்காமலேயே, உரத்திலிருந்த மரபுப்பொருளை நேரடியாக ஆராய்ந்து கண்டெடுத்தது அது. நுண்ணுயிரின் முகத்தையே காணாமல் அதன் நொதி கைக்கு வந்துவிட்டது. மரபணுவை எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவில் புகுத்தி, வேண்டிய அளவு நொதியைப் பெறலாம். பிரான்சின் துலூஸ் நகரத்து ஆய்வாளர்கள் இந்நொதியின் சில அமினோ அமிலங்களை மாற்றி, வெப்பத்தை மேலும் தாங்குமாறு திருத்தினர். 2020இல் வெளியான அவர்களின் ஆய்வில், திருத்திய நொதி 72 பாகை செல்சியசு வெப்பநிலையில் பத்து மணி நேரத்தில் பெட் நெகிழியின் 90 விழுக்காட்டைச் சிதைத்தது. கிடைத்த மூல அலகுகளிலிருந்து மீண்டும் புதிய புட்டிகள் செய்யப்பட்டன. சகாய் நகரத்துப் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ அந்த வெப்பத்தில் உயிர் வாழாது.

வெப்பம் ஏன் வேண்டும்? பெட் சங்கிலிகள் குளிர்ந்த நிலையில் விறைத்துக் கிடக்கும். ஏறத்தாழ 70 பாகை அளவில் நெகிழ்ந்து கொடுக்கும். அப்போதுதான் நொதி நுழைய இடம் கிடைக்கிறது. புட்டியின் உடற்பகுதியில் சங்கிலிகள் இறுகக் கட்டிய விறகுக்கட்டைப் போல வரிசையாக நெருங்கிப் படிகமாக நிற்கின்றன. அந்நிலையில் நொதியால் எளிதில் வெட்ட இயலாது. எனவே புட்டிகளை முதலில் உருக்கி, விரைந்து குளிர்வித்துப் படிகநிலையைக் குலைத்து, பொடியாக அரைத்த பின்னரே நொதியோடு சேர்க்கின்றனர். உடைத்து அரைக்கும் வேலை புக்னரின் கல்வத்தோடு முடிந்துவிடவில்லை.

கடைகளில் தரப்படும் பைகள் பெரும்பாலும் பாலி எத்திலீனால் ஆனவை. அவற்றின் சங்கிலி முழுவதும் கார்பனோடு கார்பன் சேர்ந்த பிணைப்பு. வெட்டுவதற்கு எஸ்டர் பிணைப்பு இல்லை. பெட்டேஸோ, இலை உரத்து நொதியோ அதனை ஒன்றும் செய்வதில்லை. பாலி எத்திலீனை அரிக்கும் நுண்ணுயிர்களையும் புழுக்களையும் பற்றிய ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பெட் நெகிழியைப் பத்து மணி நேரத்தில் சிதைத்த நொதிக்கு இணையானது பாலி எத்திலீனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனைத் தேடுவோர் குப்பைமேட்டு மண்ணையும் கடற்சேற்றையும் குடுவைகளில் இட்டு, நெகிழித் தாளின்மேல் ஏதேனும் படிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.